தூரம் (மாதவிடாய்) நின்றதை யாரிடம், எவ்வளவு சொல்வது?

மஞ்சக்குப்பத்துக்காரி:
போன மார்கழியில் நடந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறேன், வயது 48. தை முகூர்த்தத்துக்குச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. ஏழாவது சேலையை விரிக்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, மண்டை என்று ஏறியது. இரண்டு மூன்று நிமிடம்தான். ரவிக்கை முதுகோடு ஒட்டிவிட்டது. பட்டில் வியர்வை சொட்டிவிடக் கூடாதே என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். சூப்பர்வைசர் தம்பி, "என்னக்கா, காய்ச்சலா?" என்றான். "புழுக்கம்பா" என்றேன். மார்கழியில்!

அப்புறம் ஸ்டாக் ரூமுக்குப் போனால், என் வயதுக்காரிகள் இரண்டு பேர் முகம் துடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கும் இதேதான். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரு வருஷமாக மறைத்திருக்கிறோம்.

அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடமும் பையனிடமும் சொன்னேன். "எனக்கு தூரம் நிற்கிற சமயம். நடுராத்திரியில் வியர்த்து எழுந்து உட்கார்ந்தால் பயப்படாதீங்க." பையன் ஒன்றும் பேசாமல் டேபிள் ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தான். விஷயம் தெரிந்து நாத்தனார், "வயசுப் பையன்கிட்ட பேசுற பேச்சா இது?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். நான் செய்தது தப்பா?

பாகூர் பெரியம்மா:
தப்பென்று சொல்ல மாட்டேன் மகளே. ஆனால் நான் செய்திருக்க மாட்டேன். எனக்கு 63 வயது, 47-இல் நின்றது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வெட்கம் காரணமில்லை. எங்கள் தெருவில் ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து அவள் எதற்குக் குரல் உயர்த்தினாலும், "அவளுக்கு நின்னுடுச்சு இல்ல, அதான் கத்துறா" என்றார்கள். மைத்துனன் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டதைக் கேட்டபோதும் அதே பதில்தான். நியாயமான கோபம்கூட வியாதியாகிவிட்டது. வாயை விட்டால் திரும்ப வாங்க முடியாது.

லாஸ்பேட்டை செவிலி:
பெரியம்மா சொல்கிற பயம் நிஜம். வார்டில் நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் மறைத்ததால் வந்த கேட்டையும் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. பொதுவாக 45-லிருந்து 55-க்குள். நம் நாட்டில் பலருக்கு 46, 47-லேயே நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் சில வருஷம் முன்னே பின்னே வருவது, சூடு ஏறுவது, தூக்கம் கெடுவது எல்லாம் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் ஏறி இறங்கிக் குறைவதால் வருபவை. அது குறைந்தபின் எலும்பும் வேகமாக வலு இழக்கும், சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரலாம்.

நின்று ஆறு வருஷம் ஆன ஓர் அம்மாவுக்குத் திரும்ப உதிரம் பட்டது. "இளமை திரும்புது" என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லக் கூச்சம். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினார். வந்தபோது கர்ப்பப்பையில் புற்றுநோய் பரவியிருந்தது. நின்றபின் உதிரம் பட்டால் அது எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். ஆனால் ஒரு சொட்டாக இருந்தாலும் ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் சதை எடுத்துப் பார்த்தே தீர வேண்டும்.

துறைமுகத்தான்:
மருத்துவரிடம் சொல்ல வேண்டும், வீட்டில் சொல்லலாம். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடையில் ஏன் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நானும் சின்னதாகக் கடை வைத்திருப்பவன், முதலாளிகள் பேசிக்கொள்வதைக் கேட்கிறவன். 48 வயது அம்மாவுக்கு முடியவில்லை என்று காதில் விழுந்தால் மறுமாதம் 22 வயதுப் பெண்ணை நிறுத்துவார்கள். இன்னொன்று, பெண் வயதுக்கு வந்தால் ஊரெல்லாம் பேனர் கட்டுகிறோம். அந்தப் பிள்ளை எவ்வளவு கூசிப்போகிறது என்று யாராவது கேட்டோமா? எல்லாரும் பேசுவது வேறு, அவளுக்கு நல்லது நடப்பது வேறு.

மஞ்சக்குப்பத்துக்காரி:
அண்ணே, நான் பேனர் கேட்கவில்லை, நாற்காலி கேட்கிறேன். 2021-இல் தமிழ்நாட்டில் கடைச் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கொண்டுவந்தார்கள். எங்கள் கடையிலும் வாங்கினார்கள். எல்லாம் மாடியில் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. மூன்று பேரும் சேர்ந்து போய்க் கேட்டால் ஒன்றையாவது இறக்குவார்கள். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? திரும்பவும் புழுக்கம் என்றா?

பாகூர் பெரியம்மா:
கால் வலி என்று சொல். சட்டம் காரணம் கேட்கவில்லையே!

இன்னொன்றும் சொல்கிறேன். ஐம்பது தாண்டிய பெண் மாலை போட்டு இருமுடி கட்டிச் சபரிமலைக்குக் கிளம்பினால் ஊருக்கே விஷயம் புரியும். யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வழியனுப்பத் தேங்காய் வாங்கி வருகிறார்கள். தெரிந்தும் கேட்காமல் இருப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதைப் போட்டு உடைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம் தங்கச்சி:
பெரியம்மா, எல்லாருக்கும் புரியும் என்கிறீர்கள். எனக்கே புரியவில்லையே! வயது 39. 37-இல் கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்தார்கள். பத்தாம் நாளே உடம்பு காந்த ஆரம்பித்தது. ராத்திரி முழுக்கப் புரண்டேன், சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுதேன். பேய் பிடித்ததோ என்று மாமியார் மந்திரிக்கக் கூட்டிப்போனார். ஒன்றரை வருஷம் கழித்து வேறு மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்து, "ரெண்டு சூலகமும் எடுத்திருக்காங்களே, தெரியாதா?" என்றார். தெரியாது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவருக்கும் தெரியாது. நாங்கள் பேசுவதா வேண்டாமா என்பது இருக்கட்டும், எங்களிடம் யார் பேசினார்கள்?

லாஸ்பேட்டை செவிலி:
தங்கச்சி, இதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் உதிரம் நிற்கும், ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிற சூலகம் (சினைப்பை) தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இரண்டு சூலகத்தையும் எடுத்தால் ஒரே நாளில் எல்லாம் நின்றுவிடும். அதனால்தான் அவ்வளவு வேகமாகக் காந்தியது. உங்கள் வயதில், மார்பகப் புற்றுநோய் மாதிரித் தடை எதுவும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்வதே வழக்கம். எலும்புக்காகவும்தான். ஜிப்மர் மகளிர் பிரிவிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ அந்தச் சீட்டோடு போய்க் கேளுங்கள்.

மற்றவர்களும் பாருங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் 'டி.ஏ.ஹெச்.' என்று மட்டும் இருந்தால் கர்ப்பப்பை. கூடவே 'பி.எஸ்.ஓ.' என்று இருந்தால் இரண்டு பக்கச் சினைக்குழாயும் சூலகமும் போயிற்று.

துறைமுகத்தான்:
என் மனைவிக்கும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். என்ன எடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

பாகூர் பெரியம்மா:
என் அக்காவுக்கு நாற்பதில் எடுத்தார்கள். ஐம்பத்திரண்டில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. கால்சியம் இல்லை, ராகி குடி என்றோம். சீட்டு அவள் இரும்புப் பெட்டியில், ரேஷன் கார்டோடு இருக்கும். காலையில் வில்லியனூர் போகிறேன். அந்த எழுத்தை இன்னொரு தரம் தெளிவாகப் போடு மகளே, தாளில் எழுதிக்கொள்கிறேன். கடையில் சொல்வதற்கு மட்டும் எனக்கு இன்னமும் சம்மதம் இல்லை.

லாஸ்பேட்டை செவிலி:
பி, எஸ், ஓ. மூன்றே எழுத்து, பெரியம்மா.