பேஸ் டிரம் தோல் மாற்ற பெங்களூரில் ஆள் தெரியுமா?

நண்பர்களே, அல்சூர் பிள்ளைகள் பேண்டுக்கு ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்குள் 26 அங்குல பேஸ் டிரம் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். அதில் இன்னும் ஆட்டுத்தோல்தான். வெயிலில் கணீரென்று இருக்கும். நம்ம ஊர் ஆகஸ்ட் தூறலில் ஈரத்தை இழுத்துத் தொய்ந்து, 'தும்' என்பது 'தொப்' ஆகிவிடும். அந்த நேரத்தில் முறுக்கி ஏற்றினால், காய்ந்ததும் தோல் சுருங்கி வளையத்தின் ஓரமாகக் கிழியும். இப்போது கிழிந்திருப்பதும் அங்கேதான். நிமிடத்துக்கு 120 அடி வைக்கும் நடையில், இடது காலுக்கு விழும் அந்த டிரம் சத்தம் கேட்காவிட்டால் பின்வரிசை கால் மாறிவிடும்.

அதனால் பிளாஸ்டிக் தோலுக்கு மாறலாம் என்று யோசனை. சத்தம் கொஞ்சம் வறட்சிதான், ஆனால் மழைக்கு அசையாது. 26 என்பது மர உருளையின் விட்டம். வெளிவளையத்தை அளந்து சொன்ன அளவு அல்ல.

சிவாஜிநகர் பக்கம் யாரிடம் கிடைக்கும்? மர வளையமும் லேசாகக் கோணியிருக்கிறது. அதை நிமிர்த்த முடியுமா, புதிதுதான் போட வேண்டுமா? இரண்டு முறுக்காணிகளில் மரை தேய்ந்துவிட்டது. பழைய ஆணியைக் காட்டினால் அதே மரையில் கடைந்து தரும் லேத் பட்டறை தெரிந்தாலும் சொல்லுங்கள்.