சாமோத்ராக்கி: கப்பல், கோயில் இடிபாடு, ஓடை, மலை – நால்வரின் அனுபவப் பகிர்வு

கரைவலை:

கிரேக்க நாட்டின் வடக்கு ஏஜியன் கடலில் இருக்கும் இந்தத் தீவுக்கு விமானம் கிடையாது. பெருநிலத் துறைமுக நகரான அலெக்சாண்ட்ரூபோலியில் கப்பல் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் காமரியோட்டிசா துறைமுகம். வடக்கத்திக் காற்று வலுத்தால் கப்பலை எடுக்க விடமாட்டார்கள். கோடையிலும் இது நடக்கும். 2019 ஆகஸ்டில் கப்பல் பழுதாகி நூற்றுக்கணக்கானோர் திரும்ப வழியின்றி மாட்டிக்கொண்டார்கள். கப்பலில் கரை சேரும் அதே நாளில் ஊருக்கு விமானம் பதிவு செய்வது வம்பை விலைக்கு வாங்குவது. நடுவில் ஓர் இரவாவது அலெக்சாண்ட்ரூபோலியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபடத்தில் சின்னத் தீவு, 180 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. தீவைச் சுற்றிச் சாலை இல்லை. வடக்குச் சாலை கீப்போஸ் கடற்கரையோடு முடிகிறது. தெற்குச் சாலை பாக்கியா ஆம்மோஸோடு முடிகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, வந்த வழியே காமரியோட்டிசா பக்கம் திரும்பி வர வேண்டும்; கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். ஒரு நாளுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துக்கொள்வதே சரி. துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே பெட்ரோல் நிரப்பிவிடுங்கள். இருட்டிய பிறகு வேகம் வேண்டாம், வளைவுகளில் ஆடுகள் தார்ச் சூட்டில் படுத்துக் கிடக்கும்.

தூண்நிழல்:

பாலையோபோலியில் உள்ள மாபெரும் தெய்வங்களின் கோயில் வளாகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். முதலில் அருங்காட்சியகம், பிறகு இடிபாடு. வரிசையை மாற்றினால் மேலே வெறும் அடித்தளக் கற்களாகத்தான் தெரியும். எது எந்தக் கட்டடம் என்று பிடிபடாது.

நிமிர்ந்து நிற்பது ஹியரோன் என்ற சடங்குக் கட்டடத்தின் ஐந்து தூண்கள் மட்டுமே. அவையும் 1956-இல் மீண்டும் எடுத்து நிறுத்தப்பட்டவை. எல்லாரும் அங்கே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிழக்கே, எகிப்தை ஆண்ட தாலமி இரண்டாமவன் கட்டிய நுழைவாயிலின் அடித்தளத்தை விட்டுவிடாதீர்கள். ஓடையின் மேலேயே எழுப்பிய கட்டடம் அது; தண்ணீர் போக அடியில் வளைவுக் கூரையிட்ட சுரங்கம் விட்டிருக்கிறார்கள். பழங்காலத்திலேயே ஒரு நிலநடுக்கத்தில் ஓடை மேற்கே விலகிவிட்டது. இப்போது சுரங்கம் காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் பக்கத்தில் ஓடுகிறது. சீவிய கற்கள் சாந்தில்லாமல் எப்படிப் பொருந்துகின்றன என்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம்.

அர்சினோயே அரசியின் வட்டக் கட்டடம் சுமார் 20 மீட்டர் விட்டம். கிரேக்க உலகில் கூரை வேய்ந்த வட்டக் கட்டடங்களில் இதுவே பெரியது என்கிறார்கள். இங்கே நடந்த இரகசியச் சடங்குகளில் தீட்சை பெற ஆண், பெண், அடிமை, அயலார் என்ற தடை எதுவும் இருந்ததில்லை; கடலில் ஆபத்து வராது என்ற நம்பிக்கைதான் ஆளை இழுத்தது. உள்ளே நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதை அவர்கள் காப்பாற்றியும் விட்டார்கள், ஆய்வாளர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்!

சிறகுள்ள வெற்றித்தேவி சிலையைத் தேடி வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1863-இல் சாம்புவாசோ என்ற பிரெஞ்சுத் தூதரக அதிகாரி கண்டெடுத்து அனுப்பியது, பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது சுதை அச்சுப் பிரதி. ஆனாலும் அது நின்ற மாடத்தை நாடக அரங்குக்கு மேலே போய்ப் பாருங்கள். கப்பல் முகப்பின் மேல் சிலையை ஏன் அந்தச் சரிவில் வைத்தார்கள் என்பது அங்கே நின்றால்தான் விளங்கும்.

ஓடைக்கால்:

ஃபோனியாஸ் ஓடைக்கு: ஆற்று முகத்தில் பழைய கோபுரம் ஒன்று நிற்கும், அங்கே வண்டியை விட்டுவிட்டு பிளேன் என்ற அகன்ற இலை மரங்களின் நிழலில் தண்ணீரை ஒட்டியே நடந்தால் 40 நிமிடத்தில் முதல் அருவி, குளம். அதுவரை குழந்தைகளோடும் போகலாம். அதற்கு மேல் நடை இல்லை, ஏற்றம்தான். பாறையைக் கைகளால் பற்றி ஏற வேண்டிய இடங்கள் உண்டு. ரப்பர் செருப்போடு வருகிறவர்கள்தான் சறுக்கி விழுகிறார்கள். ஈரமான கல்லில் பிடிக்கும் அடிப்பகுதியுள்ள காலணி போடுங்கள். ஆழம் தெரியாமல் மேலிருந்து குதிக்காதீர்கள். தெளிந்த தண்ணீர், அடிப்பாறை உள்ளதைவிடக் கிட்டே தெரியும்.

உச்சியில் மழை பெய்தால் கீழே வெயிலடித்தாலும் ஓடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். கடலிலிருந்து சில கிலோமீட்டருக்குள் மலை 1,600 மீட்டருக்கு எழும்பி நிற்கிறது. மேல்சரிவுகளை ஆடுகள் மேய்ந்து மொட்டையாக்கி வைத்திருப்பதால் மழைநீர் மண்ணில் தங்காமல் அப்படியே இறங்கும். 2017 செப்டம்பர் வெள்ளம் தீவின் தலைமை ஊரான ஹோராவையே புரட்டிப் போட்டது இந்தக் கணக்கில்தான்.

மேகமுட்டம்:

தீவின் மிக உயர்ந்த இடமான ஃபெங்காரி உச்சி 1,611 மீட்டர். தெர்மா கிராமத்திலிருந்து ஏறுவதென்றால் ஏறக்குறைய கடல் மட்டத்திலிருந்தே தொடக்கம். ஏற ஐந்தாறு மணி நேரம், இறங்க நாலு. விடியும் முன் கிளம்ப வேண்டும். தலைக்கு மூன்று லிட்டர் தண்ணீர். காட்டுப் பகுதி தாண்டியபின் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள்.

வழி தவறுவது பெரும்பாலும் மரங்கள் முடிந்த பிறகுதான். ஆட்டுத்தடம் மனிதத் தடத்தைவிடத் தெளிவாக இருக்கும், அது உங்களைச் சரளைச் சரிவில் கொண்டுபோய் விடும். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது. ஜிபிஎஸ் தடத்தை முன்கூட்டியே கைபேசியில் இறக்கி வையுங்கள், மேலே சிக்னலை நம்ப முடியாது. காலை எட்டு மணிக்கே உச்சியில் மேகம் தொப்பி போட்டிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது.

வானம் தெளிந்திருந்தால் இம்ப்ரோஸ் தீவுக்கு மேலாகத் துருக்கிக் கரை தெரியும். கடல் தெய்வம் பொசைடன் இங்கே உட்கார்ந்துதான் ட்ராய் போரைப் பார்த்தான் என்று ஹோமரின் இலியட் காவியம் சொல்வது வெறும் கற்பனை இல்லை. நடுவிலுள்ள இம்ப்ரோஸ் இந்தச் சிகரத்தைவிட மிகவும் தாழ்வு, பார்வையை மறைக்காது.

கரைவலை:

மேலே சொன்னதோடு ஒன்று. மலை இறங்கியதும் தெர்மாவின் வெந்நீர்த் தொட்டிகளில் இறங்குங்கள், கந்தக வாடை அடிக்கும், வெள்ளி நகையைக் கழற்றி வைத்துவிடுங்கள், கறுத்துப்போகும். கீப்போஸுக்குப் போகிறவர்கள் குடையும் சாப்பாடும் கையோடு கொண்டு போங்கள். கூழாங்கல் கரை, நிழல் இல்லை, நாலடி வைத்ததுமே ஆழம்.