மோனோவில் கிட்டார் காணாமல் போகிறது, வயலின் கீச்சென்கிறது: உதவி வேண்டும்

மெட்டுப்பெட்டி: அவசரம். அகூஸ்டிக் கிட்டாரும் வயலினும் வீட்டிலயே ரெக்கார்ட் பண்ணினது. ஹெட்ஃபோன்ல அருமையா, அகலமா இருக்கு. ஃபோன்ல மோனோவா (இடம் வலம் ஒண்ணாச் சேர்ந்து) போட்டா கிட்டாரோட உடம்பே இல்ல, வயலின் மட்டும் காதைக் குத்துது. ஈக்யூல (அலைவரிசை வாரியா ஏத்தி இறக்கறது) 200 ஹெர்ட்ஸ் ஏத்தியும் பலனில்ல. நாளைக்கு அனுப்பணும்.

அலைவரி: எத்தனை மைக்? எங்கே வைத்தீர்கள்? இரண்டும் ஒரே நேரத்தில் வாசித்ததா, தனித்தனியா? சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது) என்ன?

கம்பிநேசன்: கம்பி பழசா இருக்கும் ப்ரோ. புதுக் கம்பி மாட்டி, நல்லா இழுத்து விட்டு, சுருதி நின்னதும் எடுங்க. பாதி மிக்ஸிங் அங்கேயே முடிஞ்சிடும்.

ஸ்ருதிமானி: கேள்வி கேட்பதற்கு முன் மேலே ஒட்டி வைத்திருக்கும் பதிவைப் படிக்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை. மைக் விவரம் சொல்லாமல் மிக்ஸ் பற்றிக் கேட்பதில் அர்த்தமே கிடையாது.

மெட்டுப்பெட்டி: மன்னிக்கணும். கிட்டாருக்கு ரெண்டு கண்டென்சர் மைக்: ஒண்ணு கழுத்துல 12வது ஃப்ரெட் பக்கம் ஒரு சாண் தூரம், இன்னொண்ணு பிரிட்ஜுக்கு (உடம்புல கம்பி உட்கார்ற கட்டை) பின்னாடி, கொஞ்சம் தள்ளி. இடம் வலம் முழுசா பிரிச்சிருக்கேன். வயலின் தனியா, ஒரு மைக், எஃப் துளைக்கு (வயலின் மேல்பலகைல இருக்கற துளை) நேர் மேலே. 48 கிலோஹெர்ட்ஸ்.

பதிவறை: 96ல எடுத்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல.

அலைவரி: அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். இரண்டாவது மைக் 34 செ.மீ. கூடுதலாகத் தள்ளி இருந்தால் 1 மில்லிநொடி தாமதம். மோனோவில் இரண்டையும் கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் இரண்டு அலையும் ஒன்றையொன்று அழித்துப் பள்ளம் விழும். எந்த ரேட்டில் எடுத்தாலும் அதே பள்ளம்தான்.

பதிவறை: 48ல ஒரு சாம்பிள்னா 7 மி.மீ. 96ல அதுல பாதி. டிராக்கை நகர்த்தி ஒட்டும்போது துல்லியம் கூடும்ல?

அலைவரி: ஒரு சாம்பிளுக்கும் குறைவாக நகர்த்தும் டிலே ப்ளகின்கள் இருக்கின்றன. தவிர, வாசிப்பவர் மூச்சு விட்டாலே கிட்டார் 7 மி.மீ. அசையும்.

ஸ்ருதிமானி: போலாரிட்டி பட்டனை (அலையைத் தலைகீழாக்குவது) அமுக்கினால் முடிந்தது. இதற்கு இவ்வளவு கணக்கா?

நாதத்தடம்: முடியாது சார். தாமதம் இருக்கும்போது அந்தப் பட்டன் பள்ளத்தை இடம் மாற்றும், அவ்வளவுதான். 1 மில்லிநொடி என்றால் 1000, 2000க்குப் போகும். அடிப்பகுதியும் சாகும்: இரண்டு மைக்கும் சம அளவில் இருந்தால் 100 ஹெர்ட்ஸில் சுமார் 10 டெசிபல் இறக்கம். உடம்பே இல்லை என்கிறார் என்றால் அந்தப் பட்டன் ஏற்கெனவே அமுங்கியிருக்குமோ என்றுதான் சந்தேகம். மெட்டுப்பெட்டி, பார்த்துச் சொல்லுங்கள்.

மெட்டுப்பெட்டி: ஆமா, ஒரு டிராக்ல அமுக்கியிருக்கேன். அகலமா கேட்டுச்சுன்னு.

நாதத்தடம்: அதுதான் காரணம். முதலில் அதை எடுங்கள். ஃபோனை நம்ப வேண்டாம், அதில் 82 ஹெர்ட்ஸ் அடிக்கம்பி எப்படியும் வராது. மாஸ்டரில் (மொத்த வெளியீட்டில்) மோனோ பட்டன் போட்டுக் கேளுங்கள். பிறகு, தனியாக ஒரே ஒரு கம்பி மீட்டிய இடத்தைப் பெரிதாக்கி, இரண்டு அலையின் முதல் முகட்டையும் பாருங்கள். தள்ளி இருந்த மைக்கின் டிராக்கை முன்னால் இழுங்கள், 48 சாம்பிள் அளவில் இருக்கும். கடைசி ஐந்தாறு சாம்பிளைக் கண்ணால் அல்ல, மோனோவில் காதால் முடிவு செய்யுங்கள். இரண்டு மைக்கும் கேட்கும் ஒலி வேறு, எல்லா இடத்திலும் பொருந்தவே பொருந்தாது. பான் (இடம் வலம் பிரிப்பு) பாதிக்கு வரட்டும். அப்போதும் குழியாகக் கேட்டால் 12வது ஃப்ரெட் மைக்கை நடுவில் வைத்து, மற்றதை 8 டெசிபல் இறக்குங்கள். 200இல் ஏற்றியதையும் எடுத்துவிடுங்கள், இனி அது முழங்கும்.

வயலினின் கீழ்ச்சுரம் 196 ஹெர்ட்ஸ். 150க்குக் கீழே வெட்டலாம். கீச்சு பெரும்பாலும் 2500 முதல் 4000 வரை. டைனமிக் ஈக்யூ (சத்தம் கூடும்போது மட்டும் வெட்டுவது) 3 டெசிபல் போதும். எப்போதும் வெட்டி வைத்தால் மெதுவாக வாசித்த இடங்கள் மங்கிவிடும்.

கம்பிநேசன்: கம்பியையும் மாத்திப் பாருங்க ப்ரோ.

மெட்டுப்பெட்டி: பட்டனை எடுத்து 44 சாம்பிள் இழுத்தேன். கிட்டார் வந்துடுச்சு! நன்றி. வயலின் இன்னும் கொஞ்சம் குத்துது.

அலைவரி: எஃப் துளைக்கு மேலே எவ்வளவு உயரத்தில் மைக்? 30 செ.மீ. என்றால் வில் உரசல்தான் முதலில் விழும். திரும்ப எடுக்க முடிந்தால் ஒரு மீட்டருக்குத் தள்ளி, சற்றுச் சாய்த்து வையுங்கள். கூரை தாழ்வா?

பதிவறை: திரும்ப எடுக்கறதா இருந்தா 96ல எடுங்க.