கலைச்சொல்: ஓபராவின் 'பேஸ்' கட்டைக்குரலா, ஆழ்குரலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மேலைநாட்டு இசை நாடகமான ஓபராவின் குரல் வகைகள் பற்றிய கட்டுரையின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆண்குரல்களில் மிகத் தாழ்ந்ததான 'பேஸ்' ஒன்றுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ஒலிபெயர்த்து 'பாஸ்' என்று எழுதினால் முதலாளி என்றோ தேர்ச்சி என்றோ படிப்பார்கள். 'பேஸ்' என்றால் அடித்தளம் நினைவுக்கு வரும். ஆகவே தமிழ்ச்சொல் வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

பேராசிரியர் ஐயா முன்மொழிந்த 'மெலிவுக்குரல்' மரபுக்கு உகந்தது. மெலிவு, சமன், வலிவு என்று பழைய இசைத்தமிழ் பகுத்த மூன்றில் மெலிவு என்பது மந்தரமே, அதாவது தாழ்ந்த சுரநிலையே. ஆனால் இன்றைய வாசகர் அச்சொல்லைப் பார்த்ததும் மெலிந்த, நலிந்த குரல் என்றே கொள்வார். ஃபியோதர் ஷல்யாப்பினின் குரலை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை.

1873இல் கசானில் பிறந்த அந்த ரஷ்யப் பாடகர் முசோர்க்ஸ்கியின் 'போரிஸ் கோதுனோவ்' ஓபராவில் ஜார் மன்னராகப் பாடியதை, 1928இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கிலேயே ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். இந்த மொழிபெயர்ப்புக்காக அதன் மரணக் காட்சியைப் பலமுறை கேட்டேன். 'நான் இன்னும் ஜார்' என்று ஒருமுறை முழங்கிவிட்டு, அடுத்த கணமே குரல் ஏறக்குறைய வெறும் பேச்சாக இறங்கிவிடுகிறது. பழைய தட்டின் இரைச்சலுக்கு நடுவே, அத்தனை தணிந்த பிறகும் அக்குரலின் பருமன் குறையவில்லை. நாம் பெயரிட வேண்டியது அந்தப் பருமனுக்கு என்பது என் எண்ணம். தாழ்ந்த சுரத்தை எட்டுவது மட்டுமே அளவுகோல் என்றால், பேஸுக்கு அடுத்து மேலே உள்ள ஆண்குரலான பாரிட்டோனுக்கு எழுதப்பட்ட வேடங்களையும் ஏற்றுப் பாடிய ஷல்யாப்பினை இவ்வகையில் சேர்ப்பதே கடினமாகிவிடும். ஒலியியலும் இதற்கு இடம் தருகிறது. பேஸ் குரலின் கீழெல்லை ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸ் என்பார்கள். ஆனால் ஒலிபெருக்கி இல்லாமல் வாத்தியக் குழுவைத் தாண்டி அது கடைசி வரிசை வரை கேட்பதற்குக் காரணம், 2,400 ஹெர்ட்ஸையொட்டி அக்குரலில் திரளும் மேலொலிகள்.

எனவே 'கட்டைக்குரல்' என்பதை முன்வைக்கிறேன். இது நாம் புதிதாகச் செய்ய வேண்டிய சொல்லன்று. வீட்டிலும் தெருவிலும் புழங்குவது. 'பேஸ்' என்பதன் மூலமாகிய இலத்தீன் 'பாசுஸ்' தாழ்ந்தது, குட்டையாகப் பருத்தது என்று பொருள்படும். 'கட்டையான ஆள்' என்று நாம் சொல்வதும் அதையேதான். இரண்டு சொற்களுக்கும் உறவு உண்டென்று நான் வாதிடவில்லை. இரு மொழியாரும் குரலை உடம்பாகக் கண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

பாரிட்டோனின் கிரேக்க வேர் கனத்தைக் குறிப்பதால் அதற்குக் 'கனக்குரல்' என்ற யோசனையும் வந்தது. பேஸைவிடக் கனமானது எனப் பொருள் மயங்கும், 'இடைக்குரல்' போதும்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளர்

* * *

அன்புடையீர்,

'கட்டைக்குரல்' வேண்டாம் என்பதே என் கருத்து. தொண்டை கட்டியவரையும், பாட வராதவரையும் நம் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்; ஒரு மாபெரும் கலைஞருக்கு அதைச் சூட்டுவது இழுக்கு. மேலும், நம் பாடகர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்கிறார்கள். 'ஐந்து கட்டைக் குரல்' என்றால் உயர்ந்த சுருதியில் பாடும் குரல். இசை மாணவர் எதை எதுவென்று கொள்வார்?

நன்னூலார் வல்லினத்துக்கு நெஞ்சைப் பிறப்பிடமாகச் சொல்லுமிடத்து 'உரம்' என்னும் சொல்லை ஆள்கிறார். உரம் என்பது நெஞ்சு. உரம் என்பது வலிமை. நெஞ்சில் அதிர்ந்து வலிமையோடு வெளிப்படும் குரலை 'உரக்குரல்' என்று சொன்னால் இலக்கணமும் பொருளும் ஒருங்கே அமைகின்றன. தொல்காப்பியப் பிறப்பியலும் உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றிடத்தும் நிலைபெறுவதாகக் கூறுவதை நினைவில் கொள்க. மேலையோர் தலைக்குரல், நெஞ்சுக்குரல் எனப் பிரிப்பதற்கு நம்மிடம் அடிப்படை இல்லாமலில்லை. 'உரக்குரல்' ஏற்கப்படாவிட்டால், பலரும் விரும்பும் 'ஆழ்குரல்' இருக்கட்டும். நான் முன்மொழிந்த 'மெலிவு' நம் சொல் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

* * *

மதிப்பிற்குரிய ஐயா,

சுருதிக் கட்டை பற்றித் தாங்கள் சொன்னது எனக்குத் தோன்றாத தடை, ஒப்புக்கொள்கிறேன். 'உரக்குரல்' மட்டும் இயலாது. 'உரத்த குரல்' என்றால் இன்று உரக்கப் பேசுவது என்றே பொருள். ஷல்யாப்பினின் அருமையோ அவர் தணிந்து பாடும் இடத்தில் இருக்கிறது.

'ஆழ்குரல்' குறித்தும் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. பேஸிலும் மிகத் தாழ்ந்ததை இத்தாலியர் 'பாசோ புரொஃபோந்தோ', அதாவது ஆழ்ந்த பேஸ் என்கிறார்கள். ஆழத்தை முதலிலேயே செலவழித்துவிட்டால் அதற்கு என்ன சொல்வது? வெர்தியின் 'தோன் கார்லோஸ்' ஓபராவில் இரண்டாம் பிலிப் மன்னரும், தொண்ணூறு வயதான, பார்வையற்ற, சமய நீதிமன்றத்தின் தலைமை விசாரணையாளரும் நேருக்கு நேர் மோதும் காட்சியில் இருவருமே பேஸ். மன்னரினும் இருண்ட குரலையே வழக்கமாக விசாரணையாளருக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பத்தியில் மன்னருக்கு 'ஆழ்குரல்', முதியவருக்கு 'அடியாழ்குரல்' என்று எழுதிப் பார்த்தேன். வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது.

பெரும்பாலோர் விருப்பப்படி இவ்விரண்டையும் அச்சுக்கு அனுப்புகிறேன். ஷல்யாப்பினின் மரணக் காட்சியைப் பற்றிய பத்தியில் ஓரிடத்தில் மட்டும் 'கட்டைக்குரல்' என்றே விட்டிருக்கிறேன். மெய்ப்புத் திருத்துகையில் யாரும் அதை மாற்ற வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.