உருளைக்கிழங்கு வரி கமக்காரருக்கா, கடன் கட்டவா?

ஏழாலைப் பெடியன்:
ஒரு விசயம் விளங்கேல்ல, தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடன் கட்டேலாது எண்டு இலங்கை அரசாங்கம் கைவிரிச்ச பிறகு வரியெல்லாம் ஏறினபடி, 8 வீதமா இருந்த வற் (பெறுமதி சேர் வரி) 2024 ஜனவரியோட 18. வெளியில இருந்து வாற கிழங்குக்கு விசேட பண்ட வரி வேற, அது உள்ளூர்க் கமக்காரரைக் காப்பாத்த எண்டு சொல்லுகினம். அப்ப ஏன் மாசியில நாங்கள் கிழங்கு கிண்டுற நேரம் பாத்து சந்தையில பாகிஸ்தான் கிழங்கு குவிஞ்சு கிடக்கு?

உரும்பிராய் தோட்டக்காரன்:
தம்பி, 70க்கும் 77க்கும் இடையில சிறிமா அம்மையார் ஆட்சியில மிளகாய், வெங்காயம், கிழங்கு இறக்குமதியை இறுக்கிப் பிடிச்சவை. செத்தல் மிளகாய் வித்த காசில கல்வீடு கட்டின ஆக்கள் எங்கட பக்கம் கனபேர். ஆனா அது கமக்காரனில பாசம் வைச்சுச் செய்ததில்லை, நாட்டில அந்நியச் செலாவணி இல்லை, அதுதான். 77ல ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட விலை படுத்திட்டுது. வேற பயிருக்கு மாற அவகாசமே குடுக்கேல்ல, இண்டைக்கும் நினைச்சா வயிறு எரியும்.

பண்டாரவளை வாசகி:
விவசாயிங்க பக்கம் நியாயம் இருக்கு, வெலிமடையில கிழங்கு போடுறவங்களையும் எனக்குத் தெரியும். ஆனா தேயிலைத் தோட்ட லயத்துல வாங்கிச் சாப்பிடுற எங்களையும் கொஞ்சம் பாருங்க. சீனிக்கும் இதே வரிதானே, கிலோவுக்கு 25 சதமா இருந்தத 2023 நவம்பர்ல ஒரே ராத்திரியில 50 ரூபா ஆக்கிட்டாங்க. நாட்டுக்கு வேணுங்குற சீனியில பெரும்பகுதி வெளியிலருந்துதான் வருது, அப்ப அந்த 50 ரூபா யாரக் காப்பாத்துச்சு?

கணக்கு வாத்தி:
தங்கச்சி சொன்னதிலதான் விடை இருக்கு. வரியால காசு வேணுமெண்டா சாமான் துறைமுகத்துக்குள்ள வரவேணும், கமக்காரனைக் காப்பாத்தவேணுமெண்டா சாமான் வரக்கூடாது, ரெண்டையும் ஒரே வரி செய்யாது. 2023 மார்ச்சில சர்வதேச நாணய நிதியத்தோட போட்ட ஏற்பாட்டின்படி 2025ல இருந்து, கடன் வட்டியைச் சேர்க்காமல் பாத்தா, அரசாங்கத்தின்ர வரவு செலவில நாட்டின்ர மொத்த உற்பத்தியில 2.3 வீதம் அளவு மிச்சம் காட்டவேணும். அதால திறைசேரிக்கு வருமானம்தான் முதல். வாகனத்தையும் பாருங்கோ, டொலர் வெளிய போகாமல் இருக்க 2020 மார்ச்சில மறிச்சவை, 2025 பெப்ரவரியில தனியார் வாகனத்துக்கும் திறந்துவிட்டு நல்லா வரி அறவிடுகினம். கிழங்கு வரியை அமைச்சர் ஒரு வர்த்தமானியோட மாத்தலாம், 2007ம் ஆண்டுச் சட்டம் அப்பிடி. வரி கூடப்போகுது எண்டு மணந்து பிடிக்கிற யாவாரி முதலே இறக்கி வைச்சிடுவான், விதைச்சவனுக்கு அந்த வசதி இல்லை.

ஏழாலைப் பெடியன்:
அப்ப வரியைக் கூட்டு, குறை எண்டு சண்டை பிடிச்சு வேலையில்லை. கார்த்திகையில விதைக்கிழங்கு வைக்க முன்னமே மாசி பங்குனிக்கு என்ன வரி எண்டு அறிவிக்கவேணும், அறிவிச்சா இடையில மாத்தக்கூடாது. இதைத்தான் கமக்கார அமைப்புகள் எழுத்தில கேக்கவேணும்.

பண்டாரவளை வாசகி:
அறுவடை முடிஞ்சதும் வரிய எந்தத் தேதியில இறக்கணும்னும் அதே கடிதத்துல எழுதுங்க அண்ணே, நாங்களும் கையெழுத்துப் போடுறோம்.