மறு: அடங்கிக் கிடந்த வைரஸ் மீண்டும் கிளம்புவதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினர்க்கு,

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படிக்கப்போகிறவர்கள் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்தில் சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும். அதை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

> "தீநுண்மி மீளுயிர்ப்பு" என்றே வைக்கலாம். சொல் நம்மிடம் இருக்கக் கடன் எதற்கு?

திருப்பாதிரிப்புலியூர் ஐயா, வைரஸுக்குத் தீநுண்மி நல்ல சொல்தான். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு வைரஸ் என்றால் தெரியாத வீடு இல்லை. எனக்குத் தகராறு மீளுயிர்ப்பில்தான். செத்தது எழுந்தால் அது மீளுயிர்ப்பு. நாம் கையேட்டில் சொல்லும், மாற்றுச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய பி.கே. வைரஸ் சாகவே இல்லையே! பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே வந்து, ஒரு தொந்தரவும் தராமல் சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் தங்கிவிடுகிறது. மாற்று அறுவைக்குப் பிறகு டாக்ரோலிமஸ், மைக்கோபீனலேட் மாத்திரைகள் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி வைக்கும்போது பெருகத் தொடங்குகிறது. அப்புறம், உயிர்ப்பு என்றதும் புதுச்சேரியில் மாதா கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஈஸ்டர்தான் நினைவுக்கு வரும்.

முத்தியால்பேட்டை அம்மா சொன்ன 'மறுதொற்று' இன்னும் ஆபத்து. யாரிடமிருந்து தொற்றியது என்று வீட்டில் தேடத் தொடங்கிவிடுவார்கள். கொடுத்தவரின் சிறுநீரகத்தோடே வைரஸ் வந்திருக்கவும் கூடும், அது யார் குற்றமும் இல்லை. மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்த தாய் இந்தச் சொல்லைப் படித்துவிட்டுத் தன்னையே நொந்துகொள்ளக் கூடாது.

என் பரிந்துரை: தலைதூக்கல். அடங்கிக் கிடந்தது தலைதூக்கிவிட்டது என்று பேச்சிலேயே சொல்கிறோம்.

இதைவிட எனக்குக் கவலை 'எதிர்ப்பு'தான். புதுச் சிறுநீரகத்தை உடல் ஏற்காமல் தாக்குவதற்கு அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறீர்கள். நோய் எதிர்ப்பும் எதிர்ப்பு, இதுவும் எதிர்ப்பா? உடல் ஏற்காதபோதும் சரி, பி.கே. பெருகிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்போதும் சரி, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும். பி.கே.யில் பெரும்பாலும் காய்ச்சல், வலி எதுவும் இருக்காது, அதனால்தான் குறித்த இடைவெளியில் ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்க்கிறார்கள். எது என்று உறுதிசெய்யப் பலசமயம் பயாப்சி, அதாவது சிறுநீரகத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பது, தேவைப்படும். ஏற்காமை என்றால் ஸ்டீராய்டு முதலியவற்றைக் கூட்டுவார்கள், பி.கே. என்றால் அடக்கும் மருந்தைக் குறைப்பார்கள், ஏனென்றால் அதற்கென்று நிரூபணமான மருந்து இன்னும் இல்லை. குறைத்தால் ஏற்காமை வரலாம், குறைக்காவிட்டால் வைரஸ் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். இந்தக் கத்திமுனையில் மருத்துவர் நிற்கும்போது, நோயாளி கையேட்டைத் தப்பாகப் புரிந்துகொண்டு தானே மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? ஆகவே 'ஏற்காமை' என்றே போடுங்கள். சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) என்ற இன்னொரு வைரஸைத் தனிப் பத்தியில் வையுங்கள். அதற்கு வால்கான்சிக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம்.

அடுத்து, பொருத்திய சிறுநீரகத்துக்கு என்ன சொல்: ஒட்டா, பதியமா, மாற்றா? விருத்தாசலத்து முந்திரி ஒட்டுக்கன்றைப் பார்த்தவர்களுக்கு ஒட்டு உடனே புரியும்: ஒரு செடியின் வேரில் இன்னொன்றின் கிளை. பதியம் தாய்மரத்தின் கிளையிலேயே வேர்பிடிக்க வைப்பது, வேற்று உடலே அதில் இல்லை. 'மாற்று' கண்டிப்பாகப் பார்த்தால் பிழை, பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் வைக்கிறார்கள். ஆனாலும் ஊரே கிட்னி மாற்றியிருக்கிறது என்கிறது. கையேட்டில் 'மாற்றுச் சிறுநீரகம்', அகராதியில் 'ஒட்டுறுப்பு' என்று வைப்போம். கண்ணப்பரின் ஊனுக்கு ஊனிலிருந்து 'ஊனொட்டு' எடுத்த நண்பரே, அழகான சொல், ஆனால் டயாலிசிஸ் முடித்துக் களைத்து வருகிறவருக்கு அது விளங்காது.

நாளை மாலைக்குள் சொல்லுங்கள்.

———

ஐயாவின் மறுமொழி:

ஏற்காமைக்கு உடன்படுகிறேன். தலைதூக்கல் கையேட்டோடு நிற்கட்டும், அதைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்ற மாட்டேன். பாம்பும் தலைதூக்கும், பகையும் தலைதூக்கும். துறைக்கென்று தனிச்சொல் வேண்டாமா? தீநுண்மியையும் விடுவதாக இல்லை. ஒட்டு என்பதன் வேர் 'ஒல்' என்று கருதுகிறேன், விரிவாகத் தனி இழையில் எழுதுகிறேன்.