சுருட்டை முடிப் பூனை: சேலம், ஏற்காடு பக்கம் நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கொண்டை ஊசி 20

போன டிசம்பர். ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, காப்பித் தோட்டத்துக்குள் ஒரு தங்கும் விடுதி. காலை ஆறரை மணி, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனிமூட்டம். வராந்தாவில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு சாம்பல் நிறப் பூனை எங்கிருந்தோ வந்து மடியில் ஏறிவிட்டது.

தடவப் போன கை அப்படியே நின்றுவிட்டது. பூனை முடி மாதிரியே இல்லை. பிறந்து நாலு நாளான செம்மறிக் குட்டியைத் தொட்டிருக்கிறீர்களா, அதேதான். முதுகு முழுக்கச் சின்னச் சின்ன அலை. வயிற்றில் முடி இருக்கிறதா என்றே தெரியவில்லை, தோலின் சூடு நேராக உள்ளங்கையில் ஏறியது. மீசை ஒவ்வொன்றும் அரை விரல் நீளத்தில் முறிந்து, நுனி சுருண்டிருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

காவலுக்கு இருந்த பெரியவர், "அடுப்போரத்துலயே படுத்துப் படுத்து முடியெல்லாம் பொசுங்கிப் போச்சுங்க. எறக்கி உடுங்க, துணியெல்லாம் கரியாயிரும்" என்றார். இறக்கி விட்டேன். மறுபடி ஏறியது, மறுபடி இறக்கினேன். அதற்கப்புறம் அது ஏறவில்லை. என் செருப்பின் மேல் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

கீழே அஸ்தம்பட்டி வந்து துணி மாற்றும்போதுதான் பார்த்தேன். ஒரு துளி கரி இல்லை, பொசுங்கின வாடையும் இல்லை. பிறவியிலேயே சுருட்டை முடியோடு வரும் ரெக்ஸ் வகைப் பூனை என்கிறார்களே, அதுதானா? குளிரில் நடுங்கிய ஒரு உயிரை இரண்டு முறை தள்ளிவிட்டோமே என்று இன்னும் உறுத்துகிறது.

அம்மாபேட்டைத் தறி

எங்கள் வீட்டில் இரண்டு மாதம் ஒன்று இருந்தது. டெவன் ரெக்ஸ். பெங்களூரில் இருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை, அதனால் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். வௌவால் மாதிரி பெரிய காது, முகத்தில் பாதிக்குக் கண். அம்மா பார்த்ததுமே "இதுக்குச் சொறி புடிச்சிருக்குது கண்ணு, ஊட்டுக்குள்ள உடாத" என்றார். நான் சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அம்மாவிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் வந்து பார்த்தால் வாஷிங் மெஷினுக்கு அடியில் மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்து உடம்பு முழுக்கப் பூசியிருக்கிறார். அது நக்கி நக்கி வாயெல்லாம் நுரை. முடி குறைவு என்பதால் எண்ணெய் தோலோடு ஒட்டிக்கொண்டது. டாக்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் கழுவி எடுத்தார், இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பிழைத்துக்கொண்டது. தை மாதக் குளிரில் அம்மாவின் போர்வைக்குள்தான் படுக்கை. ஆனாலும் அந்த மஞ்சள் முகம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சுருட்டை முடியைப் பார்த்தால் நோய் என்று நினைக்காதீர்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

செவ்வாய்ப்பேட்டை

அம்மாபேட்டைக்காரர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. எனக்கு நடந்தது நேர் எதிர். எங்கள் தெரு வெள்ளிப் பட்டறையில் ஒரு குட்டி, முடி கோணல் மாணலாக, மீசை முறிந்து. ரெக்ஸ் ரெக்ஸ் என்று தெரு முழுக்கச் சொல்லி, தூக்கிக் கொஞ்சினேன். பத்து நாளில் என் முழங்கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டம். படர்தாமரை. குட்டிக்கும் அதேதான். மருந்து போட்ட பிறகு நேரான முடி முளைத்தது. நான் கொஞ்சிய நாளில் அதை டாக்டரிடம் காட்டியிருந்தால் கூட இருந்த மற்ற குட்டிகளுக்கு வந்திருக்காது.

வித்தியாசம் இதுதான். நோய் என்றால் திட்டுத் திட்டாக உதிரும், பொருக்கு இருக்கும். சொறி என்றால் பெரும்பாலும் காது ஓரத்தில் ஆரம்பிக்கும், சொறிந்துகொண்டே இருக்கும். ரெக்ஸ் என்றால் பெரும்பாலும் காதிலிருந்து வால்வரை ஒரே மாதிரி அலை, தோல் சுத்தமாக இருக்கும்.

கொண்டை ஊசி சார், நீங்கள் பார்த்தது எந்த ரெக்ஸ் என்றும் யோசிக்க வேண்டும். கார்னிஷ் ரெக்ஸுக்கு மேல்முடியே கிடையாது, அடியில் இருக்கும் மென்முடி மட்டும். அதனால்தான் பட்டு மாதிரி, வேட்டைநாய் மாதிரி ஒல்லி உடம்பு. டெவனுக்கு மூன்று வகை முடியும் உண்டு, ஆனால் மெலிந்து குட்டையாக இருக்கும், மீசை எளிதில் முறியும். 1960இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கிர்லி என்ற சுருட்டை முடிக் குட்டி பிறந்தபோது, இதுவும் கார்னிஷ் சாதிதான் என்று நினைத்துச் சேர்த்துப் பார்த்தார்கள். பிறந்ததெல்லாம் நேர்முடி. இரண்டும் வெவ்வேறு மரபணு என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று. யாரோ விலைக்கு வாங்கி விட்டுப்போன பூனையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 1950இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்த முதல் கார்னிஷ் ரெக்ஸ் கல்லிபங்கர், ஒரு பண்ணை வீட்டுச் சாதாரணப் பூனையின் குட்டி, கூடப் பிறந்தவை எல்லாம் நேர்முடி. கிர்லியின் அப்பா ஊரில் திரிந்த பூனை. லாபெர்ம் என்ற இன்னொரு சுருட்டை முடி இனம் 1982இல் அமெரிக்காவில் ஓர் ஒரகன் பண்ணையில் வந்தது. அங்கே வந்தது சேர்வராயன் மலையில் வரக்கூடாதா என்ன?

மல்கோவா

கன்னங்குறிச்சியில் என் தோழி ஒரு டெவன் வாங்கினாள். "முடி கொட்டாது, அலர்ஜி வராது" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அவள் பையனுக்கு இழுப்பு. நெபுலைசர் சத்தத்துக்கு நடுவில் பூனை அவன் காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. அவ்வளவுதான் என் கதை.

அம்மாபேட்டை தம்பி, உங்களுக்காகச் சிலது சொல்கிறேன். அலர்ஜி முடியால் வருவதில்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஃபெல் டி 1 என்ற புரதத்தால் வருவது. சுருட்டை முடிப் பூனைக்கும் அது உண்டு. எண்ணெய், மஞ்சள், சாம்பிராணி எதுவும் வேண்டாம். தோலில் ஊறும் எண்ணெயை உறிஞ்ச முடி போதாததால் இதுகளுக்கே காதிலும் நகக்கண்ணிலும் பழுப்பாக அழுக்கு சேரும். வாரம் ஒருமுறை ஈரப் பஞ்சால் வெளிக்காதை மட்டும் துடையுங்கள், குச்சியை உள்ளே விடாதீர்கள். சீப்புப் போட்டு இழுக்காதீர்கள், முடி முறியும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்கு விட்டால் தோல் வெந்துவிடும். மார்கழியில் ஏற்காடு போனால் கம்பளி வேண்டும். சூடு தங்காத உடம்பு, அதனால் பசியும் அதிகம்.

முக்கியமானது ரத்தம். டெவனில் பி வகை நிறைய. பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. கருத்தடை ஆபரேஷனுக்கு முன்பே வகை பார்க்கச் சொல்லுங்கள். குட்டி தலையைத் தூக்க முடியாமல் தொங்கப்போட்டால் அது பரம்பரைத் தசை நோயாக இருக்கலாம், அதற்கு மரபணுப் பரிசோதனை உண்டு. அப்புறம் பால் ஊற்றாதீர்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கும் வயிற்றால் போகும்.

அம்மாபேட்டைத் தறி

மல்கோவா அக்கா, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் பூனை திரும்பிப் போய் எட்டு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் ராத்திரி போர்வையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டுத்தான் படுக்கிறார். ரத்த வகை விஷயம் தெரியாது, பெங்களூர் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு: டாக்டரிடம் காட்டு என்பதுதான் நான் சொன்னதும். பூசாதே என்றேன், பார்க்காதே என்று சொல்லவில்லை.

கொண்டை ஊசி 20

எல்லாவற்றையும் படித்துவிட்டு விடுதிக்குப் போன் போட்டேன். பெரியவரே எடுத்தார். பூனை இருக்கிறது. பகலில் காப்பிக் களத்தில் வெயில் காய்கிறதாம். பங்குனியில் நாலு குட்டி போட்டதாம். "குட்டிக்கெல்லாம் முடி நல்லா இருக்குதுங்க, ஒண்ணுக்கும் பொசுங்கல" என்றார்.

செவ்வாய்ப்பேட்டை

சார், குட்டிகள் நேர்முடி என்பதாலேயே அது ரெக்ஸ் இல்லை என்று சொல்லிவிட முடியாது! கார்னிஷ், டெவன் இரண்டின் மரபணுவும் ஒடுங்கியது, அதாவது அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் சுருட்டை வெளியே தெரியும். அப்பா நாட்டுப்பூனை என்றால் குட்டிகள் எல்லாம் நேர்முடியாகத்தான் பிறக்கும், சுருட்டை உள்ளே மறைந்திருக்கும். கல்லிபங்கரை அதன் தாயோடு சேர்த்த பிறகுதான் மறுபடி சுருட்டைக் குட்டி கிடைத்தது. காது எப்படி என்று மட்டும் பாருங்கள், பெரிதாக, தலையின் பக்கவாட்டில் தாழ்வாக அமைந்திருந்தால் டெவன். பொருக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மல்கோவா

பார்த்துவிட்டுக் கருத்தடைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். காட்டுக்குள் நாலு நாப்பதாகும்.

கொண்டை ஊசி 20

சரிங்க. மழை இல்லாவிட்டால் சனிக்கிழமை காலை முதல் பஸ். பழைய ஸ்வெட்டர் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன். காதைப் படம் எடுத்துப் போடுகிறேன்.